ஆட்டோ மோடும் நம்ம நிறமும்

புதுசாக டிஜிட்டல் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் செய்வது, மேலே இருக்கும் உருண்டை டயலைத் திருப்பிப் பச்சைக் கட்டத்தில் வைப்பது. அதற்குப் பிறகு அந்த டயல் தூசி படிந்து கிடந்தாலும் யாரும் தொடுவது கிடையாது. மலை, பூ, ஓடுகிற மனிதன், ஒரு பெண்ணின் தலை என்று அதில் இருக்கும் குட்டிக் குட்டிப் படங்கள் எல்லாம் நம்ம வீட்டு ஷோகேஸ் பொம்மை மாதிரி, பார்ப்பதற்கு மட்டும். பக்கத்திலேயே பி, ஏ, எஸ், எம் என்று நான்கு எழுத்துகள் வேறு. (கேனன்காரர்கள் மட்டும் 'ஏவி', 'டிவி' என்று போட்டுக் குழப்புவார்கள். டிவி என்றால் டைம் வேல்யூ. சன் டிவி இல்லீங்க.) இன்றைக்குக் கேமரா என்றாலே ஃபோன்தான் என்று ஆகிவிட்டது. ஆனாலும் அதே பெண் தலையும் அதே நிலாவும் ஃபோன் திரைக்குள் குடியேறி உட்கார்ந்திருக்கின்றன.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியாகிவிட்டது. அதனால் ஒளியியல் பாடம் எல்லாம் எடுக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள். அந்த டயல் எப்படி வந்தது, அதற்குள் யார் யாருடைய முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்ற கதை மட்டும்.

இதில் எனக்கென்ன அக்கறை? இங்கே நாக்பூரில் நம்ம ஆட்கள் கூடும் பொங்கல் விழா, வளைகாப்பு, கிருகப்பிரவேசம் எல்லாவற்றின் படங்களும் வாட்ஸப்பில் வந்து குவியும். அதில் பாதிப் பேர் அடுப்புக்கரி மாதிரி இருப்பார்கள், மீதிப் பேர் விபூதியில் குளித்த மாதிரி இருப்பார்கள். நேரில் பார்த்தால் ரெண்டுமே கிடையாது. 'நம்ம கலர் அப்படி, என்ன செய்ய' என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் கடந்துவிடுவோம். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் மகளின் பள்ளியில் குரூப் ஃபோட்டோ எடுக்கும் நாளுக்கு முன்னால், 'பாப்பாவுக்குக் கொஞ்சம் பவுடர் போட்டு அனுப்புங்க, ஃபோட்டோவில் தெரியமாட்டாள்' என்று வகுப்பு ஆசிரியை இந்தியில் சொல்லி அனுப்பினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்துதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பவுடர் என்றதும் உங்களுக்கும் ஞாபகம் வந்திருக்குமே. ஊரில் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. எத்தனை தலைமுறை அந்த ஒரே டப்பாவைத் தட்டித் தட்டி அப்பியிருக்கும்! அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்ப காலத்துப் புகைப்படத் தட்டுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். பிறகு வந்தவை பச்சை வரைக்கும் பார்த்தன. சிவப்பு என்றால் அவற்றுக்குக் கும்மிருட்டு. பழுப்புத் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் பெரும்பங்கு சிவப்பும் மஞ்சளும். ஆகவே, மாநிறத்துக்காரர்கூட அந்தத் தட்டில் கன்னங்கரேல் என்றுதான் விழுவார். எல்லா நிறத்தையும் பார்க்கும் 'பான்குரோமாட்டிக்' தட்டுகளை இங்கிலாந்தில் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1906-ல். தட்டு மாறிவிட்டது, பவுடர் டப்பா மட்டும் மாறவில்லை.

சரி, டயலுக்கு வருவோம்.

மோட் என்ற சொல்லே இல்லாத காலத்திலும் மோட் இருந்தது. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு அக்ஃபா கிளிக் நினைவிருக்கும். லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல், அதற்கு ஒரு சூரியன் படம், ஒரு மேகம் படம். அவ்வளவுதான் செட்டிங்ஸ்! ஃபிலிம் ரோல் அட்டைப்பெட்டியிலும் உள்ளே மடித்து வைத்த சீட்டிலும் நல்ல வெயில், மங்கல் வெயில், மேகமூட்டம் என்று படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனையில் வைப்பது என்று அச்சடித்திருக்கும். நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஏ.எஸ்.ஏ. எண்ணில் ஒரு பங்கு. அதாவது 100 ஃபிலிமுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு. ஊட்டியில் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் இந்து ரோல் போட்டு எடுத்தவர்களும் இந்தக் கணக்கில்தான் எடுத்தார்கள். (அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) இன்றைக்கு ஒயிட் பேலன்ஸ் மெனுவில் வரும் சூரியனும் மேகமும் அந்தச் சீட்டிலிருந்து நேராக இறங்கி வந்த பேரப்பிள்ளைகள் மாதிரிதான் எனக்குத் தெரிகிறார்கள்.

வெளிச்சத்தை இயந்திரமே அளந்து தானே முடிவெடுக்கும் முதல் கேமரா, கோடக் கம்பெனியின் சூப்பர் கோடக் சிக்ஸ்-20. வருஷம் 1938. விலை 225 டாலர். அந்தக் காலத்தில் அது யானை விலை. சாமானியர் கைக்கு எட்டியது 1959-ல், ஜெர்மனியின் அக்ஃபா ஆப்டிமா வந்தபோது. கண் வைத்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் பச்சை தெரியும், எடுக்கலாம். சிவப்பு தெரிந்தால் வெளிச்சம் போதாது, மூடி வை. பேட்டரிகூட கிடையாது, செலினியம் தகட்டில் விழும் வெளிச்சமே மின்சாரம்.

பிறகு நடந்தது ஒரு நீண்ட பங்காளிச் சண்டை. வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த இரண்டு குழாய்கள் இருக்கின்றன: துளை எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. இதில் எதை மனிதனிடம் விட்டு எதை இயந்திரம் எடுத்துக்கொள்வது? 1965-ல் கோனிகா, வேகத்தை நீ சொல், துளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. இதுதான் டயலில் இருக்கும் 'எஸ்'. 1971-ல் பென்டாக்ஸ் அதைத் தலைகீழாக்கியது, அது 'ஏ'. 1976-ல் கேனன் ஏஇ-1 நுண்செயலியைக் கேமராவுக்குள் வைத்து மலிவாகக் கொடுத்து லட்சக்கணக்கில் விற்றது. மறுவருஷம் மினோல்டா இரண்டையும் ஒரே கேமராவில் வைத்தது. 1978-ல் கேனன் ஏ-1 வந்தது. இரண்டையுமே நீ தொட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற புரோகிராம் மோட், அதாவது 'பி', எஸ்.எல்.ஆர். கேமராவில் நுழைந்தது அப்போதுதான். நாம் இன்று ஒரே டயலில் பார்க்கும் நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் இத்தனை வருஷப் போட்டி இருக்கிறது.

இதற்குள் மறைந்து நின்ற பெரிய கேள்வி: இயந்திரம் எதைச் 'சரியான வெளிச்சம்' என்று நினைக்கிறது? கேமராவுக்கு முகம் தெரியாது, வேட்டி தெரியாது. எதிரே இருப்பதை எல்லாம் கலக்கிப் பார்த்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் வரும் என்று மட்டும் நம்பும். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது; ஏறத்தாழ அந்த மாதிரி ஒரு சாம்பல்தான் கேமராவுக்கு உலகத்தின் சராசரி. இப்போது நம்ம வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் அதேபோல. பின்னால் மண்டபத்து வெள்ளைச் சுவர். 'அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா' என்று கேமரா மொத்தத்தையும் இழுத்து இருட்டாக்கும். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். மாறாக, கறுத்த முகம் ஒன்று திரை முழுக்க இருந்தால் 'ஐயோ இருட்டு' என்று ஏற்றிவிடும். அப்போது வருவதுதான் அந்த விபூதி நிறம். ஆக, இரண்டு தவறுக்கும் அடிப்படை ஒன்றே. சராசரியில் நாம் இல்லை.

இந்தச் சிக்கல் கம்பெனிகளுக்கும் தெரியும். 1983-ல் நிக்கான் எஃப்ஏ, காட்சியை ஐந்து துண்டாகப் பிரித்து அளந்து, ஏற்கெனவே ஆராய்ந்து வைத்த ஆயிரக்கணக்கான புகைப்படங்களின் அடிப்படையில் 'இது கடற்கரையாக இருக்கும், இது பின்னால் வெயில் அடிக்கும் ஆள்' என்று ஊகிக்க ஆரம்பித்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு எல்லாம் இந்த வம்சம்தான். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் கடன் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். பழைய கோப்புகளைப் பார்த்துப் புதுக் கடனை முடிவு செய்தால், பழைய கோப்பில் இல்லாத ஆளுக்கு என்ன ஆகும் என்று.

குட்டிப் படங்களின் பிறப்பு இன்னும் வேடிக்கை. 1988-ல் மினோல்டா 7000ஐ என்ற கேமராவுக்குச் சின்னச் சின்ன அட்டைகளை விற்றார்கள். போர்ட்ரெய்ட் வேண்டுமா, ஒரு அட்டை. விளையாட்டுப் போட்டியா, இன்னொரு அட்டை. காசு கொடுத்து வாங்கிக் கேமராவின் பக்கவாட்டில் செருக வேண்டும். 1990-ல் கேனன் ஈஓஎஸ் 10-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மளிகைக்கடைப் பார்கோடு மாதிரி அச்சடித்த புத்தகம் ஒன்று. பிடித்த படத்தின் கீழே இருக்கும் கோட்டை ஒரு பேனாவால் தேய்த்துக் கேமராவுக்குச் சொல்லிவிட்டால் அதே மாதிரி எடுக்கும். ஓடுகிற மனிதன் என்றால் வேகமான ஷட்டர், பெண் தலை என்றால் பெரிய துளை, பின்னணி மங்கல். மலை என்றால் சின்னத் துளை, எல்லாம் தெளிவு. ரகசியம் இவ்வளவுதான். அட்டை விற்றதைப் பிறகு டயலிலேயே இலவசமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

டிஜிட்டல் வந்ததும் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை என்பது என் கட்சி. 1975-ல் கோடக்கில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா நூறுக்கு நூறு புள்ளிகள், கறுப்பு வெள்ளை, ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி. கடைக்கு வந்து ஜனங்கள் பின்பக்கத் திரையில் உடனே பார்க்க ஆரம்பித்தது 1995-ல், கேசியோ க்யூவி-10 காலத்தில். ஃபிலிம் காலத்தில் கேமராவில் இருந்தது துளையும் வேகமும் மட்டுமே. வண்ணம், கான்ட்ராஸ்ட், எந்த விளக்கில் எது வெள்ளை, எவ்வளவு வெளிச்சத்துக்குத் தாங்கும் என்பதெல்லாம் ஃபிலிமுக்குள் இருந்தது. அதை முடிவு செய்தது தொழிற்சாலை. டிஜிட்டல் கேமரா அந்தத் தொழிற்சாலையைத் தூக்கி மெனுவுக்குள் வைத்துவிட்டது. நாம்தான் மெனுவைத் திறப்பதில்லை.

அந்தத் தொழிற்சாலை என்ன முடிவு செய்து வைத்திருந்தது? இங்கேதான் வணிகவியல்காரனுக்குப் பிடித்த ஒரு சங்கதி. அமெரிக்காவில் கோடக், வண்ண ஃபிலிம் விலையோடு கழுவிப் பிரிண்ட் போடும் கூலியையும் சேர்த்தே வசூலித்து வந்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் 1954-ல் ஏற்பட்ட உடன்பாட்டினால் அதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. வெளி லேப்கள் தொழிலுக்கு வந்தன. அவர்களுடைய மெஷினில் வண்ணம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி அட்டை தேவை. கோடக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி நின்ற பெண்ணின் பெயரால் 'ஷிர்லி கார்டு' என்றே அழைத்தார்கள். பிறகு யார் யாரோ மாறினாலும் அட்டைக்குப் பேர் ஷிர்லிதான். சில அட்டைகளில் அவள் படத்தோடு 'நார்மல்' என்று அச்சடித்திருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. அவளைவிடக் கறுத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்க்க அட்டை இல்லை.

இதை விரிவாக ஆராய்ந்து 2009-ல் கட்டுரையாக எழுதியவர் கனடாவின் லோர்னா ராத். அவர் கோடக்கின் பழைய ஊழியர்களிடம் பேசித் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னைச் சிரிக்கவும் வைத்தது, வயிறெரியவும் வைத்தது. பழுப்பு நிறத்தின் நுணுக்கம் ஃபிலிமில் வரவில்லை என்று எடுபடும்படி புகார் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? மர நாற்காலி மேசை விற்கிறவர்களும் சாக்லேட் கம்பெனிகளும். தேக்குக்கும் வேறு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, டார்க் சாக்லேட்டும் மில்க் சாக்லேட்டும் ஒன்றாகத் தெரிகிறது என்று. பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோவில் கறுப்புக் குழந்தைகளின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்ததை வைத்து அதுவரை யாரும் ஃபார்முலாவை மாற்றவில்லை. பிறகு வந்த கோல்டு மேக்ஸ் ஃபிலிமை, குறைந்த வெளிச்சத்தில் கறுப்புக் குதிரையின் நுணுக்கமும் தெரியும் என்று பேசினார்கள். குதிரையைச் சொன்னார்கள், மனிதரைச் சொல்லக் கூச்சம் போல. வெவ்வேறு நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டைகள் வந்தது 1990களில்தான். 1970களின் கடைசியில் மொசாம்பிக்குக்குப் படம் பண்ணப் போன பிரெஞ்சு இயக்குநர் கொதார், கோடக் ஃபிலிம் நிறவெறி பிடித்தது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்ததாகவும் பதிவு இருக்கிறது.

ஃபிலிம் போய் மெமரி கார்டு வந்ததால் இது தீர்ந்துவிட்டதா? 2009-ல் நிக்கானின் ஒரு குட்டிக் கேமரா, தைவான் வம்சாவளிப் பெண் ஒருவர் சிரித்தபடி எடுத்த படங்களில் எல்லாம் 'யாரோ கண்ணை மூடிவிட்டார்களா?' என்று கேட்டது. அதே வருஷக் கடைசியில், ஹெச்பி கம்ப்யூட்டரின் கேமரா வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தைத் தொடர்ந்து திரும்புவதும், கறுப்பின ஊழியர் வந்தால் அசையாமல் நிற்பதுமான வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கூகுள் தன் பிக்ஸல் 6 ஃபோனில், கறுத்த தோலும் உள்ளபடி தெரிய வேண்டும் என்று 'ரியல் டோன்' கொண்டுவந்தது 2021-ல். ராட்டன் தட்டு வந்து 115 வருஷம்!

ஐ.எஸ்.ஓ. பற்றியும் ஒரு வார்த்தை, ஆடிட் புத்தியில். ஃபிலிமின் வேகத்தை அமெரிக்க ஏ.எஸ்.ஏ.வும் ஜெர்மன் டின்னும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை 1974-ல் சேர்த்து ஐ.எஸ்.ஓ. ஆக்கினார்கள். அதற்கு முன் 1960-ல் ஏ.எஸ்.ஏ. கணக்கில் வைத்திருந்த பாதுகாப்பு ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள். பல கறுப்பு வெள்ளை ஃபிலிம்களின் எண் அப்படியே இரட்டிப்பானது. ஃபிலிம் அதேதான். கட்டடத்தை மறுமதிப்பீடு செய்து பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றுகிற மாதிரி! டிஜிட்டலுக்கு 1998-ல் தனி விதி வந்தது. 2006-ல் அதைத் திருத்தியபோது, உற்பத்தியாளரே தனக்குச் சரி என்று தோன்றும் எண்ணைச் சொல்லிக்கொள்ளவும் ஒரு வழி வைத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் கேமராவின் 400-ம் என் கேமராவின் 400-ம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

'இருட்டாக வந்தால் என்ன, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமே' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஏற்றலாம். ஆனால் சென்சாரின் கணக்கு எப்படி என்றால், 12 பிட் கேமராவில் மொத்தம் 4096 படிகள். அதில் மிக வெளிச்சமான முதல் படிநிலைக்கே 2048 போய்விடும். அடுத்ததற்கு 1024, அடுத்ததற்கு 512. கடைசியில் இருட்டுப் பகுதிக்கு மிஞ்சுவது சில்லறை. நம்ம முகம் அந்தச் சில்லறையில் விழுந்துவிட்டால், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் புள்ளி புள்ளியாகச் சொறிதான் தெரியும். எடுக்கும்போதே முகத்துக்கு வெளிச்சம் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் கிளையில் ஓய்வூதியக் கணக்குக்கு வந்த ஒரு மூதாட்டியின் ஞாபகம் இதை எழுதும்போது வருகிறது. ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தில் இருந்தவர் ரோஸ் நிறத்தில், சுருக்கமே இல்லாமல் இருந்தார். எதிரே நின்றவர் நல்ல கறுப்பு, நெற்றி நிறையக் கோடுகள். படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியது நான். 'இது நீங்கள்தானா அம்மா' என்று கேட்டேன். 'கடைக்காரன் நன்றாக வருகிற மாதிரி போட்டுக் கொடுத்தான்' என்றார் பெருமையாக. வேறு படம் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவருக்குப் படச் செலவும் பஸ் செலவும் இரண்டாம் தடவை.

இனி, வீட்டில் செய்யக்கூடியது. எம் மோடுக்கு எல்லாம் போக வேண்டாம். டயலைப் பச்சையிலிருந்து ஒரே ஒரு தட்டு நகர்த்தி 'பி'-யில் வையுங்கள். இப்போது பச்சைக் கட்டத்தில் பூட்டிக் கிடந்த பிளஸ்-மைனஸ் பொத்தான் வேலை செய்யும். வேட்டி கூட்டமா, வெள்ளைச் சுவரா, பின்னால் ஜன்னலா, பிளஸ்ஸில் இரண்டு மூன்று புள்ளி. கறுத்த முகம் திரை முழுக்க என்றால் மைனஸில் ஒன்றிரண்டு. ஃபோனில் முகத்தின் மேல் விரலை வைத்தால் ஒரு குட்டிச் சூரியன் வரும், அதை மேலேயோ கீழேயோ இழுப்பதும் இதேதான். டியூப்லைட் மண்டபத்தில் எல்லோரும் பச்சை பாய்ந்து தெரிந்தால் ஒயிட் பேலன்ஸில் அந்தக் குழல் விளக்குப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளாஷைக் கிட்டத்தில் நின்று மூஞ்சியில் அடிக்காதீர்கள், எண்ணெய் வழிகிற மாதிரி இருக்கும். குழந்தைகளை வேப்பமர நிழலில் பாதி, வெயிலில் பாதி நிறுத்தாதீர்கள்.

பழைய ஃபோட்டோக்காரர்களின் ஒரு வித்தையும் உண்டு. உள்ளங்கையை அளந்து எடுப்பது. முகம் எந்த நிறமாக இருந்தாலும் மனிதர்களின் உள்ளங்கை பெரும்பாலும் ஒரே மாதிரி வெளிறித்தான் இருக்கும். அது நடுச்சாம்பலைவிட ஒரு படி வெளிச்சம். வெள்ளைக்காரர், ஆப்பிரிக்கர், நாம், எல்லோருக்கும் ஏறத்தாழ அதேதான். ஷிர்லி கார்டுக்குப் பதிலாக லேப்களுக்கு ஒரு உள்ளங்கைப் படத்தை அனுப்பியிருக்கலாமே என்று நான் நினைத்ததுண்டு.

ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. போர்ட்ரெய்ட் அல்லது பியூட்டி என்ற பகுதிக்குள் போய்ப் பாருங்கள். தோலை மழமழப்பாக்கவும் வெளுப்பாக்கவும் ஒரு இழுப்புப் பட்டை இருக்கும். சில ஃபோன்களில், யாரும் கேட்காமலேயே, வாங்கும்போதே அது பூஜ்யத்தில் இல்லாமல் நடுவில் நிற்கும். என் மனைவியின் ஃபோனில் அது நாலில் நின்றது.